மூன்றடி கீழே

துவைக்க எடுத்த சட்டையில் எலுமிச்சை வாசனை அடித்தது.

மார்லிஸ் அதை இன்னொரு தரம் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். மாட்டுச் சாணம், டீசல், வைக்கோல் தூசு, வேர்வை. கல்யாணமான நாளிலிருந்து ஓரினின் சட்டை இந்த நாலு வாசனையோடுதான் அவள் கைக்கு வரும். இது ஐந்தாவது. வேறொருத்தியாக இருந்தால் எவளுடைய சென்ட்டோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். மார்லிஸுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அது வெல்டா ராத்கே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைக் கழுவுகிற சோப்பு. சென்ட்டாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. சென்ட் என்றால் கேட்டுவிடலாம். பித்தளை கழுவுகிற சோப்பைப் பற்றிப் புருஷனிடம் என்னவென்று கேட்பது?

அந்தக் கோடையில் கிழக்கு மொன்டானா முழுக்கக் காய்ந்து கிடந்தது. மேற்கே எங்கேயோ காடு எரிந்து, அந்தப் புகை இங்கே வந்து படிந்து, சூரியன் காலையிலேயே செம்புத் தட்டு மாதிரி இருந்தது. இரண்டாம் வெட்டுப் புல் முழங்காலைத் தொடவில்லை. மிச்சம் இருந்ததையும் வெட்டுக்கிளி தின்றது. கட்டு கட்ட வேலை இல்லாத வருஷத்தில் ஆம்பிளைகள் வேறு எதிலாவது தலையைக் கொடுப்பார்கள். ஓரின் ட்வெய்ட் தன் அப்பாவின் துப்பாக்கியில் கொடுத்தான்.

மான் அடிக்கிற பழைய துப்பாக்கி அது. அப்பா யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வருஷம் வாங்கியது. ஹோபர்ட் சிம்ஸின் மேய்ச்சல் நிலத்தில் ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வொரு வருஷமும் இரும்புத் தட்டு சுடுகிற போட்டி நடக்கும். பள்ளத்துக்கு அக்கரையில் சரிவில் தட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். முந்நூறு கஜம், ஐந்நூறு கஜம், கடைசியாக எண்ணூறு. இந்த வருஷம் பழைய துப்பாக்கிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். தீவனக் கடையில் பத்துப் பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஹோபர்ட் சும்மா இல்லாமல், ட்வெய்ட் வீட்டுத் துப்பாக்கி வேலிக் கம்பத்துக்கு முட்டுக் கொடுக்கத்தான் லாயக்கு, எண்ணூறு கஜத்துக்கு இன்றைக்குச் சுட்டால் குண்டு நாளைக்குத்தான் போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஓரினும் சிரித்தான். வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றினான்.

அதுவரை ஒன்றும் இல்லை. மார்லிஸுக்குச் சந்தோஷம்கூட. ஏனென்றால் அந்தத் துப்பாக்கிக்கு இத்தனை வருஷமும் தோட்டா அடைத்தவள் அவள். கல்யாணமான முதல் பனிக்காலத்தில் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் அழுத்துகிற இயந்திரத்தைத் திருகி வைத்து, ஓரின் சுட்டுத் தீர்ந்த கூடுகளின் கழுத்தைத் தேய்த்துக் கொடுக்க, அவள் தராசில் வெடிமருந்து நிறுத்து, கொட்டி, குண்டை வைத்து அழுத்துவாள். கேக்குக்கு மாவு நிறுப்பதைவிடக் கவனமாக நிறுப்பாள். அவள் அடைத்த தோட்டாவில் விழுந்த மான்தான் இந்த வீட்டில் பிள்ளைகள் தின்று வளர்ந்த கறி. இருநூறு கஜத்துக்குள் எங்கே குறி வைக்கிறாயோ அங்கே போகும். அதற்கு மேல் சுட வேண்டிய அவசியம் அந்த வீட்டில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அப்புறம் ஒரு பண்டிகைச் சமயம். மருமகள் முதல் தரம் சாப்பிட வருகிறாள். மேஜையெல்லாம் மருந்துத் தூள், எண்ணெய்க் கறை. மார்லிஸ் எரிச்சலில், இந்தக் கருமத்தை இங்கேயிருந்து எடுத்துத் தொலை என்றாள். ஓரின் மறுபேச்சில்லாமல் திருகைக் கழற்றி இயந்திரத்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்தான். அவள் திரும்ப எடுத்து வரச் சொல்வாள் என்று அவன் காத்திருந்திருக்கலாம். அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று அவள் காத்திருந்தது நிஜம். கொட்டகையில் அது தூசி படிந்து நின்றது.

இப்போது அவன் கூப்பிட்டது வெல்டாவை. வெல்டாவின் புருஷன் ஹெர்ப் ஆயிரம் கஜப் போட்டிகளில் சுட்டுக் கோப்பை வாங்கியவன். போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் அறை விட்டுப் போயிருந்தான். குண்டு போகிற வேகத்தை அளக்கும் பெட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு, இன்னும் என்னென்னவோ. ஹெர்ப் சுட்டானே தவிர, அவனுக்கு அடைத்துக் கொடுத்ததெல்லாம் வெல்டாதான் என்பது ஊருக்கே தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை ஓரின் அங்கே போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய் மாலை மாடு பார்க்கிற நேரத்துக்கு வந்தான்.

ஒரு சனிக்கிழமை மார்லிஸ் முட்டை கொடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் வண்டியை விட்டாள். வெல்டாவின் வாசலில் ஓரினின் பிக்கப் நின்றது. அதன் நிழலில் வெல்டாவின் நாய் படுத்திருந்தது. தன் வீட்டு வண்டி என்கிற மாதிரிக் காலை நீட்டிப் படுத்திருந்தது. மார்லிஸ் நிறுத்தாமல் போய்விட்டாள்.

அன்றைக்கு ஓரின் துப்பாக்கியோடு சமையலறைக்குள் வந்தான். முகத்தில் ஒரே பிரகாசம். மேஜை மேல் துண்டை விரித்து அதன் மேல் துப்பாக்கியை வைத்து, பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே நுழைத்தான். நோட்டு எங்கேயும் தட்டாமல் குழலின் வேர்வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா? ஒரு இடத்துல ஒட்டல. இத்தன வருஷமா மழைக்குக் கட்டை ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், குழல ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு. உள்ள செதுக்கி எடுத்துட்டு, அடியில பசை ஊத்தி உக்கார வெச்சாச்சு. குழல் இப்ப காத்துல நிக்குது."

"யாரு செதுக்கினா?"

"நாந்தான். வெல்டா வெளக்கு புடிச்சா."

"ஓ. வெளக்கு புடிச்சாளா."

அவன் அதைக் கவனிக்கவில்லை. குழலுக்குள் செம்பு அப்பியிருந்ததாம். செம்பைக் கரைக்கிற திரவம் விட்டுத் துணியால் இழுத்தால் துணி நீலமாக வந்ததாம். இழுக்க இழுக்க நீலமாம். வெள்ளையாக வருவதற்கு மூன்று நாள் பிடித்ததாம். எப்போதுமே சுத்தம் பண்ணியதில்லையா என்று வெல்டா கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"மான் ஒண்ணும் புகார் சொல்லலியேன்னேன். சிரிச்சா."

மார்லிஸ் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டையின் மேல், சுடும்போது கன்னம் பதிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அட்டை ஒட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். எந்தத் தூரத்துக்குக் குறி பார்க்கிற ஸ்கோப்பின் திருகை எத்தனை சொடுக்கு ஏற்றுவது என்று வரிசையாக எழுதியிருந்தது. அடக்கமான, சாய்ந்த, வால் வைத்த எழுத்து. பள்ளிக்கூடத்தில் வெல்டா கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். கன்னம் வைக்கிற இடத்தில் அவள் எழுத்து. மார்லிஸுக்கு எண் ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்த வால்கள்தான் பட்டன.

"என்கிட்ட ஏன் கேக்கல?" என்றாள்.

"என்னத்த?"

"தோட்டா."

ஓரின் நிஜமாகவே யோசித்தான். "நீதான் அது வேண்டாம்னுட்டியே, மார்."

அவ்வளவுதான். பொய் இல்லை, குத்தல் இல்லை. உருளைக்கிழங்குதான் சின்னச் சின்னதாகிக்கொண்டே போனது.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் ஓரின் கிழட்டு மாடுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனான். துப்பாக்கி உறையோடு கதவருகே தயாராகச் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் தோட்டாப் பெட்டி. மார்லிஸ் மூடியைத் திறந்தாள். இருபதும் மினுமினுவென்று நகைக்கடை மாதிரி வரிசையாக நின்றன. எலுமிச்சை வாசனை குப்பென்று ஏறியது.

பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். செய்யப்போகிறோம் என்று முடிவு பண்ணிப் போகவில்லை. சும்மா எடை பார்க்கலாம் என்று போனாள். ஆனால் அங்கே அவளுடைய பழைய இயந்திரம் நின்றது, பக்கத்தில் தராசு, அலமாரியில் அவள் எப்போதும் போடுகிற மருந்து டப்பா. குண்டு கழற்றுகிற சாமான் ஆணியில் தொங்கியது. பார்க்கச் சுத்தியல் மாதிரி இருக்கும். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி சிமெண்ட் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழுந்துவிடும். முதல் தட்டு தட்டியதும் மனசுக்கு இதமாக இருந்தது. இருபது தோட்டாவையும் தட்டினாள். வெல்டாவின் மருந்தை ஒரு பழைய காபி டப்பாவில் கொட்டினாள்.

அதே கூடு. அதே குண்டு. அந்த எடைக் குண்டைத்தான் அவளும் எப்போதும் போடுவாள். உள்ளே மட்டும் அவளுடைய மருந்து, அவளுடைய அளவு. ஓரினின் தோளை நோகடிக்காத, குழலைப் பாடுபடுத்தாத அளவு. விரல்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தாள், சரிபார்த்தாள், திரும்ப நிறுத்தாள். அவனுக்கு ஆபத்து வருகிற மாதிரி ஒரு பொடிகூட அவள் போடமாட்டாள். அவள் நினைத்தது ஒன்றே ஒன்று. இவன் நாளைக்கு என் கையால் அடைத்ததைச் சுட்டு ஜெயிக்கட்டும். ஊர் முழுக்க வெல்டாவைப் புகழட்டும். அப்புறம் நான் வாயைத் திறக்கிறேன்.

சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. ஹோபர்ட்டின் நிலத்தில் பிக்கப் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மார்லிஸ் வண்டியின் பின்பலகையை இறக்கி, பீன்ஸ் சட்டி, பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், ருபார்ப் தண்டுப் பலகாரம் எல்லாம் பரப்பினாள். அங்கேயிருந்து சுடுகிற இடம் நன்றாகத் தெரியும். தரையில் பாய் விரித்து ஓரின் குப்புறப் படுத்தான். அவன் வலது பக்கம், ஒரு முழம் தள்ளி, வெல்டா படுத்தாள். அவளுக்கு முன்னால் முக்காலி போட்ட பெரிய தொலைநோக்கி. குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்து வேட்டும் முடிகிறவரை அந்த ஆள் வாய் திறக்கக் கூடாது. ஹோபர்ட்டின் அப்பா வைத்த சட்டம் அது.

வெல்டா தலையில் ஹெர்ப்பின் தொப்பி. ஓரின் ஏதோ சொன்னான், அவள் தலையாட்டினாள். மார்லிஸ் தட்டுகளைத் தேவைக்கு மேலே அடுக்கினாள்.

முந்நூறு கஜத்தில் ஐந்தும் பட்டன. ஒவ்வொரு தடவையும் அக்கரையிலிருந்து கோயில் மணி மாதிரி நிதானமாகச் சத்தம் வந்தது. மார்லிஸின் நெஞ்சு விம்மியது. என்னுடையது, என்னுடையது, என்று ஒவ்வொரு மணிக்கும் சொல்லிக்கொண்டாள். ஓரின் எழுந்து தோளைத் தடவிக்கொண்டு, துப்பாக்கி இன்றைக்குப் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது, இடிக்கவே இல்லை என்று வெல்டாவிடம் சொல்வது கேட்டது. வெல்டா புருவத்தை நெரித்தாள்.

ஐந்நூறில் அட்டையைப் பார்த்துத் திருகை ஏற்றினான். மணி மூன்று முறைதான் அடித்தது. அதுவும் தட்டின் அடி ஓரத்தில் பட்டு, பாதிச் சத்தமாக, கரகரவென்று வந்தது. மார்லிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று என்று நினைத்தாள். காற்றே இல்லை.

எண்ணூறில் ஓரின் அட்டையைப் பார்த்தான், சொடுக்கை எண்ணினான், திரும்ப எண்ணினான், சுட்டான். சத்தம் வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. அவன் திருகைத் தொடவில்லை. அட்டையை நம்பினான். ஐந்தையும் அதே நிதானத்தோடு, மூச்சைப் பிடித்து, விட்டு, சுட்டான். ஐந்துக்கும் அக்கரை ஊமையாக இருந்தது. வெல்டா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவள் கழுத்தும் காதும் சிவந்துகொண்டு வந்ததை மார்லிஸ் இங்கேயிருந்தே பார்த்தாள்.

ஹோபர்ட் நாலுசக்கர மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஓரின், தட்டுக்கு ஒரு கீறல் இல்ல. மூணடி கீழ மண்ணுல ஒரே குழி. அங்க ஏதாவது வளை எலி குடியிருந்திருந்தா அஞ்சு தடவ செத்திருக்கும்."

சிரிப்பு எழுந்தது. ஓரின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். கோபமாக இருந்தால் பரவாயில்லை. அப்பாவின் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அது தனக்கு என்ன செய்துவிட்டது என்கிற மாதிரி. அப்போதுதான் அந்த அட்டையின் எண்கள் மார்லிஸின் மண்டையில் ஏறின. அவை துப்பாக்கிக்கு எழுதியவை இல்லை. வெல்டாவின் மருந்து குண்டைத் தள்ளுகிற வேகத்துக்கு எழுதியவை. மார்லிஸின் மருந்து நிதானமானது. கிட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. தூரம் போகப்போகக் குண்டு களைத்துப்போய் இறங்கிவிடும். மானுக்கு அடைத்துப் பழகியவளுக்கு இந்தக் கணக்குத் தேவைப்பட்டதே இல்லை.

வெல்டா பெட்டியில் மிச்சமிருந்த தோட்டா ஒன்றை எடுத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். இன்னொரு தடவை குலுக்கினாள். அவளுடைய மருந்து கூட்டை நிறைத்து அழுந்தி இருக்கும், சத்தமே வராது. இதில் உப்பு டப்பா மாதிரி ஏதோ சரசரத்தது. அதைக் கையில் மூடிக்கொண்டு நேராக மார்லிஸிடம் வந்தாள். ஒரு தட்டை எடுத்து பீன்ஸ் போட்டுக்கொண்டாள்.

"என்ன மருந்து?" என்றாள், தலை நிமிராமல்.

மார்லிஸ் சொன்னாள்.

"வேகம் அளந்தியா?"

"இல்ல. எங்கிட்ட ஏது பெட்டி?"

"எங்கிட்ட இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." வெல்டா ஒரு வாய் பீன்ஸ் சாப்பிட்டாள். "அஞ்சும் ஒரு பலகாரத் தட்டுக்குள்ள விழுந்திருக்கு, தெரியுமா? எண்ணூறு கஜத்துல. கீழதான். ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. நான் அடைச்சது ஒரு நாளும் அப்படி விழுந்ததில்ல. ஹெர்ப்புக்கும் விழுந்ததில்ல. அங்க படுத்துக்கிட்டு மொத குழியப் பாத்தப்ப தோட்டாவ மாத்தினவங்க கைய வெட்டணும்னு நெனச்சேன். அஞ்சாவதுல எனக்கு வயிறு எரிஞ்சுது."

திட்டியிருந்தால் மார்லிஸ் பதில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் வெல்டா. "உன் புருஷன் எங்கிட்ட ஒரு தப்பும் பண்ணல. நானும் பண்ணல. ஆனா ரெண்டு வருஷமா அந்த நாற்காலியில ஆள் இல்ல. சனிக்கிழமை வந்தா நான் வெள்ளிக்கிழமையே கூட்டி வெப்பேன். அது எனக்குப் புடிச்சிருந்துது. உனக்குத் தோணினது முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்ல." தோட்டாவை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

"சாலட்டுல கடுகு கொஞ்சம் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு வெல்டா போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓரின் காரணம் தேடிக்கொண்டே வந்தான். கட்டையை ஒட்டின பசை வெயிலில் இளகியிருக்கும் என்றான். அப்புறம், இல்லை, என் கண்தான் போய்விட்டது, துப்பாக்கியை வித்துவிடலாம் என்றான். அதைக் கேட்டதும் மார்லிஸ் சொல்லிவிட்டாள். கொட்டகை, சுத்தியல், காபி டப்பா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஏன் செய்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வண்டி அவர்கள் நிலத்துக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறக்க வேண்டும், அதுதான் வழக்கம். இரண்டு பேரும் அசையவில்லை.

"எல்லாரும் பாத்தாங்க," என்றான் ஓரின்.

"தெரியும்."

"அப்பா துப்பாக்கிய வெச்சுக்கிட்டு முழிச்சேன்."

"தெரியும், ஓரின்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புகை மூடின மலைப் பக்கம் பார்த்தான். "இடிக்கவே இல்லியேன்னு சொன்னேன் பாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ அடைச்சதத்தான் சுட்டிருக்கேன். மொத வேட்டுலயே தோளுக்குத் தெரிஞ்சிருக்கணும்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "தெரியலியே," என்றான்.

அவளுக்கு அது கோபத்தைவிட அதிகமாக வலித்தது. ஆனால் கேட்க வேண்டியதை இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"சனிக்கிழமை அங்க என்ன பேசுவீங்க?"

"பேச என்ன இருக்கு. அவ நிறுப்பா. நான் கூட்டுக் கழுத்தத் தேய்ப்பேன். ரேடியோவுல மாட்டு வெல ஓடும்."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சிரித்தோம் என்றோ, அழுதாள் என்றோ சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். இது அவளுடைய சாப்பாட்டு மேஜை. அவளுடைய பனிக்காலம் முழுவதையும் அப்படியே தூக்கி வேறொரு வீட்டில் வைத்த மாதிரி இருந்தது. மார்லிஸ் இறங்கிக் கேட்டைத் திறந்தாள். வண்டி உள்ளே போனது. சங்கிலியை மாட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வெட்டுக்கிளி கையில் வந்து உட்கார்ந்தது, தட்டிவிட்டாள். ஓரின் எஞ்சினை அணைக்கவில்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. அப்புறம் சாய்ந்து கையை நீட்டி, அவள் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டான்.

ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னும் பதினேழு சொடுக்கு ஏத்தியிருந்தா அஞ்சும் நடு மையத்துல பட்டிருக்கும்னு கெளம்பறப்ப வெல்டா சொன்னா," என்றான். "தனியா ஒரு அட்டை எழுதணுமாம். ஏன்னு இப்பத்தான் புரியுது. பக்கத்துல நீ படுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"எனக்கு சொடுக்குக் கணக்கெல்லாம் தெரியாது," என்றாள் மார்லிஸ். "கிட்டப் போய்ச் சுடுன்னு சொல்லியிருப்பேன்."

ஓரின் அவளைத் திரும்பிப் பார்த்தான். வண்டியை கியரில் போட்டான்.